ஒரு கீறலும் இல்லாமல்

கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளிவாசலின் முன்வாசலில், அந்தி நேர மஃரிப் தொழுகை முடியும் வேளையில், தாய்மார்கள் குழந்தைகளை இடுப்பில் ஏந்தி வரிசையாக நிற்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் எங்கள் மார்க்கத்தினர் அல்லர். ரிஷிவந்தியம், மணலூர்பேட்டைப் பக்கங்களில் கூலி வேலைக்குப் போய்த் திரும்பி, குளித்துத் திருநீறு பூசிப் பேருந்து ஏறி வந்தவர்களும் அவர்களுள் இருப்பார்கள். நாயைக் கண்டு மிரண்ட குழந்தை, பட்டாசுச் சத்தத்தில் நடுங்கிய குழந்தை, தூக்கத்தில் வீறிடும் குழந்தை என்று அழைத்து வருவார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் மனத்துக்குள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுச் செல்வார்கள். பயம் தெளிந்துவிடும் என்பது நம்பிக்கை.

அந்த வரிசையில் என்னைத் தேடியே வந்தவர்கள் உண்டு. "மலையிலேர்ந்து வண்டியோட உருண்டும் ஒரு கீறல் இல்லாம வந்தாரே, அந்தப் பெரியவரு ஊதினா பயம் கிட்ட வராது" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நான் மறுத்ததில்லை. வாசலில் நின்ற அத்தனை பேரிலும் அதிகமாகப் பயந்திருந்தவன் நான்தான் என்பதை என் மனைவி ஒருத்தி மட்டுமே அறிந்திருந்தாள்.

திருச்சியில் வணிகவியல் பட்டம் பெற்று வந்து, தகப்பனார் நடத்திய மலைச்சரக்கு மண்டியை நான் ஏற்றுக்கொண்டேன். புளியும் கடுக்காயும்தான் முதன்மை வியாபாரம். பருவத்தில் வாரந்தோறும் கல்வராயன் மலைக்குப் போய்ச் சரக்கை நேரில் பார்த்து வாங்குவேன். அப்படிக் கரியாலூரில் புளி ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு பிற்பகலில், வளைவு ஒன்றில் எங்கள் வேனின் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி கைப்பிடிச் சுவரை இடித்துத் தகர்த்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, சரிவில் நின்ற ஒரு மரத்தின் மேல் போய்ப் படுத்தது. பின்னாலிருந்த மூட்டைகள் தடுப்புப் பலகையை உடைத்துக்கொண்டு முன்னால் இருந்த ஓட்டுநர், நான் இருவர் முதுகின் மேலும் சரிந்தன. மூட்டைகள் கிழிந்து, புளி என் கழுத்திலும் மடியிலும் கொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கீழே வெறும் பள்ளம். அசைந்தால் மரம் முறியும் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. கரியாலூர்ப் பக்கத்து ஆட்கள் கயிறு கட்டி எங்களை வெளியே எடுத்தார்கள்.

ஓட்டுநர் சாலையில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் உதற, வாய்விட்டு அழுதார். என்னைக் கட்டிக்கொண்டு, "பாய், பொழச்சிக்கினோம் பாய்!" என்று கதறினார். நான் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிதறிய புளியை அள்ளிக் கட்டும்படி ஆட்களிடம் சொன்னேன். என் சட்டைகூடக் கிழிந்திருக்கவில்லை. இந்தக் காட்சிதான் ஊரில் கதையாகிப் பரவியது. ஓட்டுநர் பல மாதங்கள் டீக்கடை டீக்கடையாக அந்த விபத்தைச் சொல்லித் திரிந்தார், கேட்டவர்கள் சிரித்தார்கள், அவர் பிறகு வழக்கம்போல் மலைக்கு வண்டி ஓட்டினார். என்னைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை. உயிர் மீண்டதற்காக வீட்டில் ஓதி விருந்து வைத்தோம். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காயம் பட்டிருந்தால் படுத்துக்கொள்ளவேனும் எனக்கு உரிமை கிடைத்திருக்கும். காயமில்லாத மனிதன் எதைக் காட்டிப் படுப்பான்?

நோய் உடம்பின் வழியாகத்தான் வந்தது. முதலில் பிடரி இறுகியது. பிறகு, எந்த வாகனத்தில் ஏறினாலும், அது இடப்பக்கம் திரும்பும்போது உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, கால்கள் மரத்துப்போயின. கடையில் யாராவது மூட்டையைப் பொத்தென்று போட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். சிறு சொல்லுக்கும் சீறினேன். எல்லாவற்றிலும் கொடியது வாசனை. என் குடும்பத்துக்கே சோறு போட்ட புளியின் வாசனை மூக்கில் ஏறினால், பின்னாலிருந்து ஏதோ சரிந்து வருவதுபோல் முதுகு கூசும். மண்டிக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. மலைச்சரக்கில் ஆதாயம் கம்மியாகிவிட்டது என்று காரணம் சொல்லி, மண்டியை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு உரக்கடை வைத்தேன். யூரியா மூட்டைக்கு எந்த நினைவும் இல்லை.

என் மனைவி எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் சமையலறையில் புளிப் பானை இருந்த இடம் காலியாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தக்காளி, எலுமிச்சை, மாங்காய் வற்றல் இவற்றால்தான் குழம்பு. பெருநாள் விருந்துக்கு வந்த என் மூத்த சகோதரி வட்டிலைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, ஊருக்கே புளி வித்த வூடு இது. மீன் கொழம்புல தக்காளியக் கரைச்சி ஊத்தி வெச்சிருக்க. இன்னா, கஞ்சத்தனமா? இல்ல, கை மறந்துபோச்சா?"

"கஞ்சத்தனம்னே வெச்சிக்கோங்க மச்சி," என்று நாத்தனாருக்குப் பதில் சொன்னாள் என் மனைவி. "அவருக்குப் பித்தம் ஜாஸ்தி. புளின்னா ஆவறதில்ல."

"பித்தம் அவனுக்கு. தண்டன எங்களுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நல்ல சமையற்காரி என்று பெயர் எடுத்தவள், என் பெயரைக் காப்பதற்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த வட்டிலுக்குச் சோறு போடப் போனாள்.

இதுவரை சொன்னதெல்லாம் என்னோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். எனக்கு ஒரே மகள். ஆசிரியர் பணிக்குப் படித்து, ஆசிரியர் ஒருவரையே மணந்தாள். இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை கிடைத்த அன்று, மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாள்.

"அத்தா, கரியாலூர் கெடச்சிருக்கு! ரெண்டு பேருக்கும் அங்கயே!"

"மலையிலயா?"

"ஆமாத்தா. நீங்க ஏறாத மலையா? அங்க எல்லாருக்கும் உங்களத் தெரியும். 'புளிக்கார பாய் பொண்ணு'ன்னு சொன்னா வூடு கெடைக்காதா இன்னா?"

என் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிட்டது. அவள் வீட்டுக்கு நான் போக வேண்டியிருக்கும் என்பது ஒன்றே என் மனத்தில் நின்றது.

"நம்ம வூட்டுப் பொண்ணு மலை ஏறிச் சம்பாதிக்கணும்னு அவசியம் இல்ல," என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "நான் போவத்தான் போறேன் அத்தா. அப்ப என் வூட்டுக்கு வரமாட்டீங்களா?"

நான் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டேன். அவள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பயந்தவன் என்பதைவிடக் கோபக்காரன் என்ற பெயர் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. தகப்பனின் கோபத்துக்கு நம் சமூகத்தில் ஒரு மரியாதை உண்டு.

மாதம் ஒருமுறை என் மனைவி மட்டும் பேருந்தில் மலையேறுவாள். திரும்பி வந்ததும், நான் கேட்காமலே, அங்கே பார்த்ததைச் சொல்லிக்கொண்டு துணி மடிப்பாள்.

"அவ வூட்ல ஜன்னலத் தொறந்தா எதுக்க பலா மரம். சாயங்காலம் ஆனா குளுரு. நீங்களும் ஒரு தடவ வாங்களேன்."

"முட்டி வலின்னு சொல்லிடு."

"எத்தினி வருஷம் அதையே சொல்றது? உங்களுக்கு முட்டி வலின்னு சொல்லிச் சொல்லி, எனக்கு வந்துடுச்சி. அஞ்சு வேளையும் பள்ளிக்கு நடக்கறவருக்கு முட்டி வலின்னா அவ நம்புவாளா? 'அத்தாவுக்கு இன்னுமா கோவம்'னு கேக்கறா. உண்மையச் சொல்லிடட்டுமா?"

"சொல்லக்கூடாது," என்றேன்.

அவள் சொல்லவில்லை. பெருநாட்களுக்கு மகள் இறங்கி வருவாள். என்னிடம் இரண்டொரு வார்த்தைதான் அளந்து பேசுவாள். நானும் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து விருந்தாளிகளைப்போல் தேநீர் குடிப்போம். ஆண்டுகள் அப்படித்தான் போயின.

ஒரு மாலை, பள்ளிவாசலின் முன் ஒரு குழந்தைக்கு ஓதிக்கொண்டிருந்தேன். புளி மூட்டை ஏற்றிய சிறுலாரி ஒன்று நெரிசலில் எங்களுக்கு அருகே வந்து நின்றது. அந்த வாசனை வந்த கணத்தில் என் நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கியதுபோல் இருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பு என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். சோதனைகள் எல்லாம் செய்த இளம் மருத்துவர், இதயம் நன்றாக இருக்கிறது என்றும், மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்றும் பணிவாகச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் பொறுப்பு வகித்தவன் மனநல மருத்துவரின் அறை வாசலில் உட்கார்ந்திருப்பதை ஒருவர் பார்த்தால் போதும், மறுநாள் ஊரே பேசும். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்: "சேலம் போலாம். அங்க நம்மள யாருக்கும் தெரியாது." சேலத்துச் சாலை நேர்ச் சாலை என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

சேலத்து மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. விபத்தைப் பற்றி நான் வழக்கமாகச் சொல்லும் கதையைத் தங்குதடையின்றிச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "வண்டி சாய்ஞ்சப்ப உங்க கை எங்க இருந்துச்சுங்க ஐயா?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை எவரும் கேட்டதில்லை. குனிந்து பார்த்தேன். என் வலக்கை நாற்காலியின் கைப்பிடியை, விரல் கணுக்கள் வெளுக்க, இறுகப் பிடித்திருந்தது. என் மனைவியும் அதைப் பார்த்தாள். நான் அழுதேன். மூன்றாம் மனிதர் முன்னால் நான் அழுதது அதுவே முதல் முறை.

"நீங்க கோழை இல்லைங்க," என்றார் அவர். "ஆபத்து வந்தா உடம்பு ஓடும், எதிர்த்து நிக்கும், இல்லேன்னா அசையாம உறைஞ்சிடும். நாம கேட்டு அது செய்யறதில்ல. அன்னைக்கு உறைஞ்சதாலதான் உயிர் தப்பிச்சுது. ஆபத்து முடிஞ்சிடுச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல. நீங்க புளியையும் மலையையும் விட்டு விலகி விலகிப் போறதைப் பார்த்து, 'ஓஹோ, இன்னும் ஆபத்து இருக்கு போல'ன்னு அது நினைச்சுக்குது."

சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டேன். அதைவிடக் கடினமாக இருந்தது, அந்தப் பிற்பகலை அவர் முன் மெதுவாக, ஒன்றையும் தாண்டாமல், மறுபடி மறுபடி சொல்வது. முதலில் நாக்கு உலர்ந்தது. போகப் போக, சொல்லி முடித்தபின் பசியெடுக்கத் தொடங்கியது. மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடப் பழக்கினார். பயப்படும் இடத்தைச் சிறிது சிறிதாக நெருங்கிப் போய், நெஞ்சின் அடிப்பு தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். ஓடி வந்துவிடக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. வீட்டில் என் மனைவி ஒரு கொட்டைப் புளியைக் கிண்ணத்தில் போட்டுக் கூடத்தின் மறுகோடியில் வைத்தாள். சில வாரங்களில் அந்தக் கிண்ணம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பிறகு பேருந்து. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைவரை போவேன். அங்கிருந்து மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். தெரிந்தவர்கள் கேட்டால் காற்று வாங்கப் போவதாகச் சொன்னேன். நடத்துநர் மட்டும் விடவில்லை.

"இன்னா பாய், எப்பப் பார்த்தாலும் அணைக்கே டிக்கெட் எடுக்கறீங்க. தண்ணி அளக்கற உத்தியோகம் குடுத்துட்டாங்களா?"

"ஆமாங்க. கம்மியா இருக்கு," என்றேன்.

"எது, தண்ணியா, சம்பளமா?"

நான் சிரித்தேன். பேருந்துக்குள் சிரிக்க முடிகிறது என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

அடுத்து மலைச்சாலையில் ஒரு வளைவுவரை போகலாம், அவசரமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் மகளுக்கும் மருமகனுக்கும் மணலூர்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல் வந்துவிட்டது. மூட்டை கட்ட உதவியாக என் மனைவி முந்தைய நாளே மலையேறிவிட்டாள். மகள் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் அவள் இருக்கும்போது நான் போய் நிற்க வேண்டுமானால், அதற்கு அந்த ஒரு நாள்தான் மிச்சமிருந்தது. காலையில் பேருந்தேறிக் கரியாலூருக்குச் சீட்டு வாங்கினேன். நடத்துநர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கேலி ஏதும் பேசவில்லை.

முதல் வளைவிலேயே கால்கள் மரத்தன. பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் இருப்பவற்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்: கம்பி, மஞ்சள் பை, யாரோ ஒருவரின் குடை. எனக்குப் பக்கத்தில், சந்தைச் சாமான் பையை மடியில் வைத்திருந்த மலைக்கார அம்மாள் ஒருவர் வாந்தி வராமலிருக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என் தொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாய், கொஞ்சம் ஊதி வுடுங்களேன். தல கிறுகிறுன்னு வருது. புண்ணியமாப் போவும்."

என்னால் மறுக்க முடியவில்லை. ஓதி, அவர் பக்கம் திரும்பி, நீளமாக ஊதினேன். "இன்னொரு தபா," என்றார். ஊதினேன். அவருக்குத் தலைச்சுற்றல் நின்றதோ இல்லையோ, மருத்துவர் எனக்குப் பழக்கிய நீண்ட மூச்சு அதுவேதான் என்பது அப்போது எனக்கு உறைத்தது. விபத்து நடந்த வளைவை நாங்கள் கடந்தது எப்போது என்று தெரியவில்லை. சாலையை அகலப்படுத்தி, சுவரையும் புதிதாகக் கட்டியிருந்தார்கள்.

கரியாலூரில் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் சாமான் ஏற்றிய வண்டி நின்றது. என் மனைவி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தாள். மருமகன் ஓடிவந்து உட்கார நாற்காலி தேடினார். எல்லா நாற்காலிகளும் வண்டியில் இருந்தன.

"இன்னா திடீர்னு?" என்றாள் மகள். "வூடு காலியாவறத மேற்பார்வ பார்க்க வந்தீங்களா?"

"உன் வூட்டப் பார்க்க வந்தேன்."

"வூடு எங்க இருக்கு? இதோ, செவுரு இருக்கு, பாருங்க."

இருந்தாலும் அழைத்துப்போய்க் காட்டினாள். இரண்டு அறைகள். பலா மரம் தெரியும் ஜன்னலுக்குக் கீழே தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. "இங்க உங்களுக்குன்னு ஒரு கட்டில் போட்டு வெச்சிருந்தேன். யாரையும் அதுல படுக்க வுடமாட்டேன். அப்புறம் பொஸ்தகம் அடுக்கினோம்," என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். கோபம் இல்லை என்றும், எந்த நாளும் இருந்ததில்லை என்றும் சொன்னேன். புளியில் தொடங்கி முட்டி வலிவரை எல்லாவற்றையும் சொன்னேன். சேலத்தையும் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லக்கூடாதுன்னுட்டேன்."

"ஊர்ல இருக்கற கொழந்தைங்களுக்கெல்லாம் ஊதி வுட்டுக்கினு இருந்தீங்களே அத்தா!" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மருமகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எனக்கும் இங்க வந்த மொத வருஷம் பயந்தான்," என்றாள். "மழ நாள்ல காத்து ஓட்டப் பிச்சிக்கினு போயிடும் போல இருக்கும். பஸ்ல மலை எறங்கறப்ப கண்ண மூடிக்கினு உக்காந்திருப்பேன். நீங்க இதே மலையில அப்படித் தப்பிச்சி வந்தவராச்சே, உங்ககிட்ட கேட்டா தைரியம் வரும்னு எத்தினியோ தடவ போன எடுத்திருக்கேன். கோவமா இருக்கீங்கன்னு வெச்சிடுவேன்."

நான் காப்பாற்றி வைத்திருந்த பெயருக்குள் என் மகளுக்கு ஒதுங்க ஓர் இடம் இருக்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. கையை நீட்டினேன். அவள் உடனே பிடிக்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த காகிதத் துண்டு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, நான் எழுவதற்காகத் தன் கையைக் கொடுத்தாள்.